விதிப்பெட்டி வாடகைக்கு

சென்னியப்பன் படம் எடுக்கப்போகிறான் என்றதும் திருப்பூரில் அவனைத் தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "யாரு கல்யாணம்?" என்பதுதான். அவர்கள்மேல் குற்றமில்லை. பத்து வருடமாக அவன் எடுத்ததெல்லாம் கல்யாணமும் காதுகுத்தும் புதுமனை புகுவிழாவும். பந்தியில் வாய் நிறையச் சோறோடு இருப்பவர்கள் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுகிறவன் என்றுதான் ஊர் அவனை அறியும்.

"கல்யாணம் இல்லீங்க, சினிமா. நெசமான சினிமா" என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு வாய் வலித்தது.

அவன் தேர்ந்தெடுத்தது வசதியான ஒரு வகை. யாரோ எடுத்துப் பாதியில் விட்டுப்போன வீடியோ நம் கையில் கிடைத்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரிப் படம். கதையில் வருகிறவனே கேமராவைப் பிடித்துக்கொண்டு ஓடுவான். வெளிச்சம் போதாவிட்டால் அது கலை. சத்தம் சரியாக விழாவிட்டால் அது மர்மம். கேமரா ஆடினால் அது நிஜம். கையில் காசில்லாதவனுக்காகவே கடவுள் இப்படி ஒன்றைப் படைத்திருக்கிறார் என்று சென்னி மனப்பூர்வமாக நம்பினான். அவன் வைத்துக்கொண்ட ஒரே விதி, படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் கேமராவை நிறுத்தவே கூடாது என்பது. சும்மா கிடக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எதில் எது சிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

படத்துக்குப் பெயர் 'துளி'. ஒருவன் விதிப்பெட்டியில் எச்சில் துப்புகிறான். பெட்டி அவனுக்கு ஆயுள் குறைவு என்கிறது. அதைப் பொய்யாக்க அவன் படுகிற பாடுதான் கதை.

விதிப்பெட்டியைத் தெரியாதவர்கள் இன்றைக்கு யாரும் இருக்க முடியாது. முன்பு எடை பார்க்கும் மெஷின் நின்ற இடங்களிலெல்லாம் இப்போது அதுதான் நிற்கிறது. ஒரு குழாயில் துப்பிச் சொருகினால், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் உங்கள் மரபணுவைப் படித்துவிட்டு, இனிமையான பெண் குரலில் உங்களுக்கு என்ன நோய் வரும், என்ன குணம், எவ்வளவு ஆயுள் என்று சொல்லிவிடும். இதெல்லாம் ஒரு வாய்ப்புதான், முடிவல்ல என்று கண்டுபிடித்தவர்கள் அப்போதே சொன்னார்கள். நம் ஆட்கள் வாய்ப்பு என்ற வார்த்தையை மட்டும் உதறிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டார்கள். பெண் பார்க்கப் போவதற்கு முன்னால் ஜாதகம் கேட்ட காலம் போய், "பெட்டி பாத்தாச்சுங்களா?" என்று கேட்கும் காலம் வந்துவிட்டது.

சென்னிக்கும் பார்த்தார்கள். காங்கேயத்துப் பெண் சுகந்தி. எல்லாம் பேசி முடித்து, பெட்டி மட்டும்தான் பாக்கி. மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு நல்ல நாளில், இரண்டு வீட்டாரும் பஸ் ஸ்டாண்டில் கூடினார்கள். விடியற்காலையிலேயே கிளம்பியதில் சென்னிக்குக் குடல் கருகியது. பெரியவர்கள் கண்ணில் படாமல் தள்ளுவண்டிப் பக்கம் ஒதுங்கி அவசரமாகப் பசியாறிவிட்டு ஓடிவந்து துப்பினான். பெட்டி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது:

"வணக்கம். உங்கள் எலும்பில் சுண்ணாம்புச் சத்து தங்காது. உயரமான இடம் உங்களுக்கு ஆகாது. நெடுந்தூரப் பயணம் ஆகாது. விடிவதற்கு முன்பே விழித்துக்கொள்வீர்கள். சிறு சத்தத்துக்கும் பதறுவீர்கள். ஆயுள் குறைவு. நன்றி, மீண்டும் வருக."

சுகந்தியின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். சில மாதங்கள் கழித்து அவரே வந்து, "உங்களாட்டம் எடுக்க ஆளில்லீங்க தம்பி" என்று மகள் கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கக் கூப்பிட்டார். சென்னி போனான். முகூர்த்தம் முதல் மறுவீடு வரை எடுத்தான். அந்த வீடியோவில் ஓரிடத்தில்கூடக் கேமரா ஆடவில்லை.

அதற்குப் பிறகு அவன் மலைக்கோயில் கல்யாணங்களை ஒப்புக்கொள்வதில்லை. சென்னிமலை முருகன் பெயரை வைத்துக்கொண்டு சென்னிமலைக்கே போகாத ஒரே ஆள் அவன்தான். பெருந்துறையைத் தாண்டி எங்கும் போனதில்லை. சாவதற்குள் ஒரே ஒரு படம் என்று மட்டும் ஆசைப்பட்டான். அதனால்தான் இவ்வளவு அவசரம்.

படப்பிடிப்புக்கு மூடிக்கிடந்த ஒரு பனியன் கம்பெனி கிடைத்தது. சுவர் முழுக்க வெள்ளைக் கட்பீஸ் துணியை ஒட்டியதும் அசல் ஆராய்ச்சிக்கூடம் போலவே ஆகிவிட்டது. நாயகன் பூபதி, சென்னியின் பால்ய சிநேகிதன். பக்கத்துக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. ஆள் நெடுநெடுவென்று வளர்ந்தவன், ஆனால் கூச்சம் பிடித்தவன். கதையில் வரும் பெட்டிக்காரப் பெண்ணாக நடிக்க அசல் பெட்டிக்காரப் பெண்ணே வந்தாள். ரூபிணி பஸ் ஸ்டாண்டில் விதிப்பெட்டியைப் பார்த்துக்கொள்பவள். வார விடுமுறையில் பெட்டியையும் வாடகைக்குப் பேசிக் கொண்டுவந்துவிட்டாள்.

பூபதி அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே இரண்டு அடி பின்னால் போனான். அவன் அப்பா நாற்பதைத் தாண்டவில்லை. அதனால் அவன் இதுநாள்வரை பெட்டியில் துப்பியதே இல்லை. துப்பாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? வயது முப்பத்துமூன்று ஆகிவிட்டது.

"நான் நடிக்கறேன்டா. ஆனா என்ற எச்சில மட்டும் கேக்காத. எனக்குத் தெரியவே வேண்டாம்" என்றான்.

"உன்ற எச்சில் யாருக்குடா வேணும்? முட்டை வெள்ளைக்கருவ ஊத்திக்கலாம். கேமராவுல ரெண்டும் ஒண்ணுதான்."

"குழாய்ல ஏதாவது இருந்தாத்தானுங்க பெட்டியில லைட்டு எரியும்" என்றாள் ரூபிணி. "அது என்ன உளறுனாலும் அப்பறம் நீங்க வேற குரல் சேத்துக்கலாமுங்கண்ணா."

ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது. நடிப்புதான் வரவில்லை. பெட்டியில் இருப்பது முட்டை என்று தெரிந்த மனிதனுக்கு எப்படிப் பயம் வரும்? வெறும் குழாயை வைத்து ஒத்திகை பார்த்தபோது, சாவுச் செய்தியைக் கேட்டு அதிர வேண்டிய இடத்தில் பூபதிக்குச் சிரிப்புதான் வந்தது. ஒவ்வொரு முறையும் ரூபிணியைப் பார்த்துச் சிரித்தான். ரூபிணியும் சிரித்தாள். சென்னி தலையில் அடித்துக்கொண்டான்.

டீ குடிக்க மற்ற இருவரும் வெளியே போனபோதுதான் அவனுக்கு அந்தப் புத்தி வந்தது.

மேசைமேல் பூபதியின் தண்ணீர் பாட்டில் இருந்தது. எல்லோரும் அண்ணாந்து குடிக்க, பூபதி மட்டும் வாய் வைத்துத்தான் குடிப்பான். சின்ன வயதிலிருந்து திட்டு வாங்கியும் மாறாத பழக்கம். அதனால் அவனுக்கென்று தனி பாட்டில். அதன் அடியில் ஒரு வாய்த் தண்ணீர் மிச்சம் இருந்தது. சென்னி அதை ஒரு புதுக் குழாயில் ஊற்றினான். முட்டை இருந்த குழாயை ஓரமாக வைத்துவிட்டு, இதைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். பெட்டி பேசி முடித்ததும், "டேய், அது உன்ற எச்சில்தான்டா!" என்று கத்த வேண்டும். அந்தக் கணத்தில் பூபதியின் முகம் எப்படிப் போகுமோ, அதுதான் படம். தப்பு என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. நல்ல ஷாட் கிடைக்கும் என்றால் தப்பு கொஞ்சம் சின்னதாகத் தெரிவது இந்தத் தொழிலின் கோளாறு.

டீயைக் குடித்துவிட்டு அவன் ஒன்றுமே தெரியாதவன்போலத் திரும்பி வந்தபோது ரூபிணி பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பூபதி வந்து நின்றான். குழாய் உள்ளே போனது, விளக்கு எரிந்தது. சென்னி கேமராவை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

"வணக்கம். உங்கள் எலும்பில் சுண்ணாம்புச் சத்து தங்காது" என்று ஆரம்பித்தது பெட்டி.

சென்னி பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். அடுத்த வரி அவனுக்குத் தெரியும், அதற்கடுத்ததும் தெரியும். மூன்று வருடமாக மனப்பாடமாக இருப்பதை வார்த்தை மாறாமல் பெட்டி சொல்லிக்கொண்டே போனது. உயரம் ஆகாது. தூரம் ஆகாது. ஆயுள் குறைவு. மீண்டும் வருக.

கத்துவதற்காகத் திறந்த வாய் அப்படியே நின்றது.

பூபதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கோழிக்குக் கரெக்டாத்தான்டா சொல்லுது! பாவம், ஆயுள் கம்மிதான். ஞாயித்துக்கெழம வந்தா முடிஞ்சுது!"

ரூபிணி சிரிக்கவில்லை. பெட்டியையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். சென்னி அதையும் கவனிக்கும் நிலையில் இல்லை. "இன்னிக்குப் போதும்" என்று மட்டும் சொன்னான்.

அடுத்த சில நாட்கள் அவன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தனக்கு ஆயுள் குறைவு என்பது அவனுக்குப் பழகிப்போன ஒன்று, வாடகை வீட்டுக் கூரை ஒழுகுவதுபோல. ஆனால் பூபதி? கூட்டிக் கழித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தி வந்தது. பூபதி விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவான். பட்டாசு வெடித்தால் பதறுவான். திருப்பூரை விட்டு எங்கும் போனதில்லை. அப்பாவும் சீக்கிரம் போனவர். தெரியவே வேண்டாம் என்றவனுடைய விதியைத் திருடித் தான் சுமந்துகொண்டிருக்கிறோம் என்பது சென்னியை அரித்தது. பூபதி பசிக்கிறது என்றால் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். மாடிப்படி ஏறினால், "மெதுவா, மெதுவா" என்று முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்னடா ஆச்சு உனக்கு? முழுகாம இருக்கறவளத் தாங்கறாப்பல தாங்கற" என்றான் பூபதி. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான் ஒண்ணு சொல்லோணும். ரூபிணியக் கேக்கலாம்னு இருக்கறேன். அவ பொழுதன்னிக்கும் பெட்டியோட இருக்கறவ, ஆனா எங்கிட்ட இதுவரைக்கும் ஒரு நாள்கூடப் பெட்டி பாத்தீங்களான்னு கேட்டதில்ல. நெம்ப தைரியம் வந்திருக்குதுடா. அன்னிக்கு அந்தக் கோழி பலனக் கேட்டதும் பயமெல்லாம் போயிருச்சு."

சென்னிக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, துக்கமாகவும் இருந்தது. இனி இதில் ரூபிணியின் வாழ்க்கையும் சேர்ந்துவிட்டது. அவளிடம் சொன்னால் நண்பனுக்குத் துரோகம். சொல்லாவிட்டால் அவளுக்குத் துரோகம். இரண்டில் எது சின்னது என்று யோசித்து யோசித்து, கடைசியில் மறுநாள் மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனான்.

ரூபிணி பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். பூபதி உன்னக் கேக்கப்போறான். அதுக்கு முன்னால..."

"அவரு இன்னும் கேக்கவே இல்லீங்களே. நீங்க ஏனுங்கண்ணா அவசரப்படறீங்க?" அவள் முகம் மலர்ந்திருந்ததைப் பார்க்க அவனுக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினான். பாட்டில் தண்ணீர், குழாய் மாற்றியது, பெட்டி சொன்னது, எல்லாம். "அது முட்டை இல்ல அம்மிணி. பூபதியோட எச்சில். அவனுக்குத் தெரியாது. நான் பண்ணுனது பெரிய பாவம். ஆனா நீ தெரிஞ்சுக்கோணும்."

ரூபிணி நிதானமாக டிபன் பாக்ஸை மூடினாள். "அது முட்டைதானுங்க."

"இல்ல அம்மிணி, நான் என்ற கையால..."

"நீங்க மாத்தி வெச்சீங்க. நான் மறுபடியும் மாத்தி வெச்சேன். டீ ஆறிப்போகுதேன்னு உங்களக் கூப்பட வந்தப்ப ஜன்னல் வழியாப் பாத்தேனுங்க. ஒருத்தரு வேண்டாம்னா வேண்டாம்தானுங்களே? அது அவரோட எச்சில். நம்மளுக்கு என்ன உரிமை இருக்குதுங்க? நம்பிக்கை இல்லீன்னா உங்க கேமராவையே பாருங்க. நீங்கதான் அத நிறுத்தவே மாட்டீங்களே."

சென்னி போனை எடுத்தான். கேமராவிலிருந்து அதில் ஏற்றி வைத்திருந்த அன்றைய வீடியோவில் அந்த இடத்தைத் தேடினான். மேசை ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த கேமரா எல்லாவற்றையும் பிடித்திருந்தது. ஒரு திருட்டுமுழி ஆசாமி வந்து பாட்டிலைத் தூக்கிப் பார்க்கிறான். குழாயை மாற்றுகிறான். வாசலைப் பார்க்கிறான். போகிறான். தன்னைத் தானே அப்படிப் பார்ப்பது சென்னிக்கு இதுவே முதல்முறை. கூசிப்போனது. பிறகு ரூபிணி வருகிறாள். புதுக் குழாயை எடுத்து ஜன்னல் வழியே வெளியே கவிழ்க்கிறாள். முட்டைக் குழாயைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கிறாள். கேமராவைப் பார்த்து நாக்கைத் துருத்திவிட்டுப் போகிறாள்.

சென்னி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பூபதிக்கு ஒன்றுமில்லை. அவனுக்கு ஒன்றுமே இல்லை.

"ஆனாலும் அம்மிணி," என்றான் கொஞ்சம் தெளிந்ததும். "முட்டைக்கு எப்பிடி அது பலன் சொல்லுச்சு?"

"அதுதானுங்கண்ணா எனக்கும் தூக்கம் போச்சு." ரூபிணி குரலைத் தாழ்த்தினாள். "தப்பானதப் போட்டா தெரியலைன்னு சொல்லும்னுதான் நான் நெனச்சிருந்தேன். அப்பறம் பால் ஊத்திப் பாத்தேன், ஆட்டுப்பால். உங்களுக்குப் பிடிவாதம் ஜாஸ்தின்னு சொல்லுச்சு. முட்டை ஊத்துனா ஒவ்வொரு தடவையும் அன்னிக்குச் சொன்னதேதான், ஒரு எழுத்து மாறல. எதக் குடுத்தாலும் மனுசன்னு வெச்சுக்கிட்டு, கிட்டத்துல பொருந்தறதச் சொல்லிருதுங்க. தெரியாதுன்னு சொல்ல அதுக்குச் சொல்லிக் குடுக்கவே இல்ல."

"ஏன் சொல்லிக் குடுக்கல?"

"தெரியாதுன்னு சொல்ற பெட்டிக்கு முன்னால யாருங்க வரிசையில நிப்பாங்க?"

சென்னி சிரிக்க வாயெடுத்தவன் பாதியில் நிறுத்தினான். ஒரு எழுத்து மாறல என்று அவள் சொன்னது அப்போதுதான் உள்ளே இறங்கியது.

"அம்மிணி. எனக்கும் அதேதான் சொல்லுச்சு. மூணு வருசத்துக்கு முன்னால. இதே எடத்துல. ஒரு எழுத்து மாறாம."

ரூபிணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "துப்பறதுக்கு முன்னால வாய் கொப்பளிச்சீங்களா?"

"இல்ல. அவசரம்."

"கொப்பளிச்சுட்டு வாங்க, கொப்பளிச்சுட்டு வாங்கன்னு நாளெல்லாம் கத்தறேன், யாருங்க கேக்கறாங்க? வாயில எது ஜாஸ்தி இருக்குதோ அதத்தானுங்க அது படிக்கும். அன்னிக்கு என்ன சாப்ட்டீங்க?"

சென்னி தலையைத் திருப்பினான். பத்தடி தூரத்தில் அதே தள்ளுவண்டி நின்றது. கல்லில் என்னவோ சீறிக்கொண்டிருந்தது. நல்ல காரியத்துக்குப் போகிற நாளில் கவுச்சி தொட்டதை யாரிடம் சொல்வது என்று அவன் அன்றைக்கு மறைத்தான். அதற்கப்புறம் அவனே மறந்துபோனான்.

"ஆஃப் பாயில்" என்றான் மெதுவாக. "ரெண்டு."

மூன்று வருடம். ஏறாத மலை, போகாத ஊர், பஸ் ஏறிப்போன சுகந்தியின் அப்பா. அத்தனையும் நாமக்கல் பக்கத்துப் பண்ணையில் எந்தக் கூண்டிலோ இருந்த ஒரு கோழியின் விதி. சென்னிக்கு நெஞ்சு வலித்தது, உண்மையாகவே வலித்தது. பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பிற்று. அடக்க முடியவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலமே பூபதியை உட்கார வைத்து அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினான். பூபதி முழுதாகப் பார்த்தான். முகம் இறுகியது. சென்னி படம் முழுக்கத் தேடியும் கிடைக்காத முகம் அது. ஆனால் இப்போது அதை எடுக்க அவனுக்குக் கை வரவில்லை.

"ஏண்டா, எங்கிட்டயே திருடுவியா?"

"தப்புதாண்டா. என்ன வேணா பண்ணிக்கோ."

பூபதி எழுந்து ஜன்னல்வரை போனான். திரும்பி வந்தான். "சரி போச்சாது. ஆஃப் பாயில் கதையச் சொல்லு." சென்னி சொன்னான். பாதி கேட்கும்போதே பூபதியின் தோள் குலுங்க ஆரம்பித்தது. "மூணு வருசமா கோழியாடா இருந்த? முட்டை போடாம விட்டியே, அதுவரைக்கும் சந்தோசம்!" சிரித்து ஓய்ந்ததும் விரலை நீட்டினான். "இதுதான் உன்ற படத்தோட முடிவு. நீ திருடறது, அவ மாத்தறது, அப்படியே வெக்கோணும். ஒரு துணுக்கு வெட்டுனாலும் நான் நடிச்சதத் திருப்பிக் குடு."

சென்னி எதையும் வெட்டவில்லை. படத்தைத் தூக்கிக்கொண்டு அவனே சென்னைக்குப் போனான். ரயில் பெருந்துறையைத் தாண்டும்போது நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான், ஒன்றும் ஆகவில்லை. ஒரு சின்ன அரங்கில் திரையிட்டார்கள். ரூபிணி நாக்கைத் துருத்துகிற இடத்தில் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதன் பலனாக பஸ் ஸ்டாண்டில் பெட்டிக்குப் பக்கத்தில் வாய் கொப்பளிக்க ஒரு தண்ணீர்க் குழாய் போட்டார்கள். மக்கள் ஒழுங்காகக் கொப்பளித்துவிட்டு வந்து நின்றார்கள். வரிசை மட்டும் குறையவில்லை.

பூபதியின் எச்சிலில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ரூபிணி கேட்கவில்லை.

அவர்கள் கல்யாணத்தைச் சென்னிமலை முருகன் சந்நிதியில் வைத்தார்கள். வேண்டுமென்றேதான் வைத்தார்கள். சென்னி கேமராவைத் தூக்கிக்கொண்டு படி ஏறினான். பாதியிலேயே மூச்சு வாங்கியது, முழங்கால் கெஞ்சியது. மேலே போய்ச் சேர்ந்து கீழே பார்த்தபோது ஊர் முழுக்கக் கைக்குள் அடங்குகிற மாதிரி கிடந்தது. மாலையும் கழுத்துமாக நின்ற பூபதி கத்தினான்.

"டேய் கோழி! கேமரா ஆடுதுடா!"

"ஆடட்டும்டா!" என்றான் சென்னி. அழுகிறோமா சிரிக்கிறோமா என்று அவனுக்கே தெரியவில்லை.

அந்தக் கல்யாண வீடியோவில் கேமரா ஆடாத இடமே இல்லை.